ஆச்சியின் ஓலைப்பெட்டி

வெளியூர் சென்றவர் வெறுங்கையோடு வீடு திரும்பலாகாது என்பது நம் நாட்டு வழக்கம். பழநிக்குச் சென்றவர் பஞ்சாமிர்தம் கொண்டு வருவார். இராமேசுவரம் சென்றவர் சங்கும் சிப்பியும் கொண்டு வருவார். திருச்செந்தூருக்குச் சென்றவர் கருப்பட்டி கொண்டு வருவார். வாயிலில் காத்து நிற்கும் குழந்தைகள், வந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னே கையைப் பார்ப்பார்கள். கையில் இருப்பது சிறு பொட்டலமேயாயினும் அதனுள் ஓர் ஊர் அடங்கியிருக்கும்.

என் தாயைப் பெற்ற ஆச்சி ஆழ்வார்குறிச்சியில் வாழ்ந்தவர். நாங்கள் சென்னையில் குடியிருந்தோம். ஆண்டுக்கு ஒருமுறை அவர் எங்களைக் காண வருவார். வரும்பொழுதெல்லாம் அவர் இடுப்பில் ஓர் ஓலைப்பெட்டி இருக்கும். தை மாதமாயின் அதில் பனங்கிழங்கும் இலந்தைப்பழமும் இருக்கும். ஆனி மாதமாயின் மாம்பழம் இருக்கும். பழங்களுக்கு அடியில், பழந்துணியில் சுற்றப்பட்டு, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் இருக்கும்.

"நுங்கு ஏன் கொண்டு வரவில்லை? நாவற்பழம் ஏன் கொண்டு வரவில்லை?" என்று நாங்கள் கேட்போம். ஆச்சி சிரிப்பார். "சில பழம் ஊருக்கு வரும், சில பழத்திடம் நாம்தான் போக வேண்டும்" என்பார். கடைத்தெருவுக்குச் செல்லும்போது அவர் கூறும் மற்றொரு சொல்லும் உண்டு. "பழத்தைப் பருவம் பார்த்து வாங்கு, பண்டத்தைக் கை பார்த்து வாங்கு" என்பதே அது. இவ்விரு சொற்களின் பொருளையும் அறுபது வயதைக் கடந்த பின்னரே நான் தெளிவாக அறிந்தேன். அதுவும் இரண்டு பிழைகள் செய்த பின்னரே அறிந்தேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு ஆழ்வார்குறிச்சிக்குப் புறப்பட்டேன். "தாத்தா, எனக்கு என்ன கொண்டு வருவாய்?" என்று கேட்டு என் பெயர்த்தி வழியனுப்பினாள். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் இரயில் பாதை, பொருநை ஆற்றின் வளம் முழுவதையும் நமக்குக் காட்டிக்கொண்டே செல்வது. சேரன்மாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என ஒவ்வொரு நிலையமாகக் கடந்து செல்கையில், இருபுறமும் வயலும் வாழையும் தென்னையும் மாறி மாறி வந்தன. மேற்கே பொதிகை மலை முகில் போர்த்து நின்றது. முன்னாளில் குறுகிய இருப்புப்பாதையில் சிறு புகைவண்டி ஓடிய இவ்வழியில், 2012-ஆம் ஆண்டு முதல் அகலப் பாதையில் இரயில்கள் ஓடுகின்றன. திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆழ்வார்குறிச்சி, 2019-ஆம் ஆண்டில் அமைந்த தென்காசி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் மலையும் ஆறும் மாறவில்லை. மலையில் பிறக்கும் கடனாநதி, இவ்வூர்ப் பக்கம் பாய்ந்து, திருப்புடைமருதூர் அருகே பொருநையோடு கலக்கிறது.

ஆச்சியின் வீட்டில் இப்போது என் மாமன் மகன் குடும்பத்தோடு வாழ்கிறார். திண்ணையும் முற்றமும் அன்று போலவே இருந்தன. மறுநாட்காலை அவர், "அத்தான், தோட்டத்துக்குப் போவோமா? நாவல் பழுத்திருக்கிறது" என்றார். ஆற்றங்கரைத் தோட்டத்தில் அந்த நாவல் மரம் கருமணிகளைக் கோத்தாற்போல் குலை குலையாய்ப் பழம் தாங்கி நின்றது. மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்தோம். ஒரு சிறுவன் மேலேறிக் கிளையை உலுக்கினான். பழங்கள் மழைபோல் உதிர்ந்தன. சில வேட்டியில் விழுந்தன. பல மணலில் விழுந்தன. மணலில் விழுந்ததை எடுத்து ஊதினேன். ஔவை மூதாட்டியும் முருகனும் நாவல் மரத்தடியில் பேசிய கதை நினைவிற்கு வந்தது. சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட சிறுவனின் சொல்லைக் கேட்டுத் திகைத்த பெரும்புலவரை எண்ணிச் சிரித்தேன். உப்பைத் தொட்டு உண்ண உண்ண நாவும் உதடும் நீலம் பாரித்தன. இளமையில் ஆச்சியிடம் நாங்கள் கேட்ட பழம் இதுவே. அறுபது ஆண்டு கழித்து அதனிடம் நானே வந்து சேர்ந்தேன்.

நாவற்பழத்தின் தோல் மிக மெல்லியது. கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளவை நசுங்கிவிடும். நுங்கும் அத்தகையதே. சித்திரை வெயிலில் சீவியவுடன் உண்டால் அமுதம். பொழுது சாய்ந்தால் அதன் நீர் வற்றிச் சுவை குன்றிவிடும். அப்பழங்களை ஆச்சி ஏன் சென்னைக்குக் கொண்டு வரவில்லை என்பது மரத்தடியில் நின்றபோது விளங்கிற்று. விளங்கியும் அடுத்த நாளே நான் அதனை மறந்தேன்.

அடுத்த நாள் குற்றாலம் சென்றோம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் கடலிலிருந்து வரும் பருவக்காற்று, ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து தென்காசிப் பக்கம் வீசுகிறது. மலைக்கு அப்பால் பெருமழை பெய்ய, இப்பால் மெல்லிய சாரல் தூவுகிறது. அச்சாரலில்தான் குற்றாலத்து அருவிகள் பொலிவு பெறுகின்றன. அக்காலத்தில்தான் அங்குள்ள பழக்கடைகளும் பொலிவு பெறுகின்றன. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், மலைவாழை ஆகியவை கடைகளில் குவிந்திருந்தன. மங்குஸ்தானின் தாயகம் மலேயாவும் அதனைச் சூழ்ந்த தீவுகளுமாம். கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்தில் குற்றாலத்தில் வாசனைப் பயிர்களுக்கும் அயல்நாட்டு மரங்களுக்கும் தோட்டம் அமைக்கப்பட்டது. குளிர்ந்த சாரலும் ஈரமான மலைச்சரிவும் அம்மரங்களுக்கு உகந்தனவாக அமைந்தன. அங்குள்ள அருவிகளுள் ஒன்றற்குப் பழத்தோட்ட அருவி என்றே பெயர்.

கடையில் இருந்த அம்மையார் ஒரு மங்குஸ்தானை எடுத்து, அதன் அடிப்புறத்தைக் காட்டினார். அங்கே சிறு பூவின் இதழ்கள் போன்ற வடு இருந்தது. "இதில் எத்தனை இதழ் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள் ஐயா" என்றார். ஆறு இருந்தது. கைகளுக்கிடையே வைத்து அழுத்தினார். செங்கருநிறத் தோல் பிளந்தது. உள்ளே வெண்பஞ்சு போன்ற சுளைகள் ஆறு இருந்தன. எந்தப் பழத்தை எடுத்தாலும் இக்கணக்குப் பிழைப்பதில்லை. உள்ளே இருப்பதை ஒளிக்காமல் வெளியே எழுதிவைத்திருக்கும் அப்பழத்தின் நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது.

என் பெயர்த்தியிடம் இவ்வியப்பைக் காட்ட வேண்டும் என்னும் ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. இரண்டு பெட்டிகள் வாங்கினேன். "எப்போது ஊருக்குப் போகிறீர்கள்?" என்று அம்மையார் கேட்டார். "இன்னும் எட்டு நாள் ஆகும்" என்றேன். "அப்படியானால் போகிற அன்றைக்கு வாங்குங்கள் ஐயா, இது காத்திருக்கும் பழம் அன்று" என்றார். தம் சரக்கை விற்க வேண்டியவரே வாங்க வேண்டாம் என்று கூறினார். நானோ, மறுபடியும் இங்கு வர நேரம் வாய்க்காது என்று எண்ணி, வற்புறுத்தி வாங்கினேன். அது என் முதற் பிழை. பருவத்தை நான் பார்த்தேன். பழத்திற்கு உள்ள நாட்கணக்கைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பெயர்த்திக்குச் சொப்பு வாங்குவதற்காக அம்பாசமுத்திரம் சென்றேன். சொப்பு என்பது குழந்தைகளின் குடித்தனம். அடுப்பு, பானை, குடம், அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை என ஒரு வீட்டிற்கு வேண்டிய பண்டங்கள் யாவும் உள்ளங்கையில் அடங்கும் அளவில் மரத்தில் கடைந்து செய்யப்பட்டிருக்கும். சமையலறையில் அம்மியும் உரலும் மறைந்துவிட்ட இக்காலத்தில், அவற்றின் வடிவத்தைக் குழந்தைகள் சொப்பில்தான் காண்கின்றனர். கடைத்தெருவில் முதலில் என் கண்ணில் பட்டவை நெகிழிச் சொப்புகளே. பளபளக்கும் உறையில் இருபது பொருள்கள். விலையும் மிகக் குறைவு. அவற்றைக் கடந்து, ஒரு சந்தில் இருந்த கடைசற் பட்டறைக்குச் சென்றேன்.

பட்டறையில் முதியவர் ஒருவர் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். மரத்தூள் அவர் தலையிலும் தோளிலும் படிந்திருந்தது. ஓலைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்த சொப்புத் தொகுதி ஒன்றை எடுத்து விலை கேட்டேன். கூறினார். கடைத்தெருவில் கண்ட நெகிழிச் சொப்பின் விலை என் மனத்தில் நின்றது. "நூறு ரூபாய் குறைக்கலாகாதா? வெளியே இருபது உருப்படி இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே!" என்றேன்.

அவர் சினம் கொள்ளவில்லை, மறுமொழியும் கூறவில்லை. எழுந்து ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். "உட்காருங்கள் ஐயா. ஒரு குடம் கடைகிறேன். பார்த்துவிட்டு நீங்களே விலை சொல்லுங்கள்" என்றார்.

சிறு மரத்துண்டு ஒன்றைப் பொறியில் பொருத்தினார். "என் தகப்பனார் காலத்தில் மஞ்சள் கடம்பு மரத்தில் செய்தோம். அது வெட்டிய உளிக்கு நோகாத மரம். இப்போது அது கிடைப்பது அரிது. கிடைக்கிற மரத்தில் செய்கிறோம். அந்நாளில் ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றொருவர் கடைவார். இப்போது மின்சாரம் சுழற்றுகிறது. ஆனால் உளியைப் பிடிப்பது இன்னமும் கைதான்" என்றார். பொறி சுழன்றது. உளி பட்ட இடத்தில் மரம் நாடா நாடாவாகச் சுருண்டு விழுந்தது. முதலில் உருளை தோன்றியது; பிறகு வயிறு தோன்றியது; பின்னர்க் கழுத்தும் வாயும் தோன்றின. வண்ணம் ஏற்றிய அரக்குத் துண்டைச் சுழலும் மரத்தின்மீது அழுத்தினார். உராய்வினால் சூடு பிறக்க, அரக்கு உருகிச் சிவப்பு வண்ணம் மரத்தில் ஏறியது. காய்ந்த மடல் ஒன்றை வைத்துத் தேய்த்தார். குடம் கண்ணாடி போல் மின்னியது. தூரிகை இல்லை, அளவுகோல் இல்லை. ஆயினும் ஓலைப்பெட்டியில் இருந்த குடத்தோடு அதனை வைத்துப் பார்த்தபோது இரட்டைப் பிள்ளைகள் போல் இரண்டும் ஒத்திருந்தன.

கடைந்து முடித்த குடத்தை என் கையில் வைத்தார். சூடு இன்னும் ஆறவில்லை. விலை சொல்ல என் வாய் எழவில்லை.

அப்போது அவர் கூறியதை நான் மறக்க இயலாது. "நூறு ரூபாயைக் குறைத்தால் நான் ஏழையாகிவிட மாட்டேன் ஐயா. ஆனால் இன்று உங்களுக்குக் குறைத்தால், நாளை அந்த விலைக்கு ஏற்றபடி கடைவோம் என்று என் கைக்குத் தோன்றிவிடும். கை ஒருமுறை அவசரத்தைப் பழகிக்கொண்டால் பிறகு நிதானத்துக்குத் திரும்பாது. எனக்கு அச்சம் அதுதான்" என்றார்.

நான் தலைகுனிந்தேன். ஆச்சி கூறிய 'கை பார்த்து வாங்கு' என்பதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. பண்டத்தை மட்டும் பார்த்தால் விலைதான் தெரியும். கையைப் பார்த்தால் மதிப்புத் தெரியும். மரத்தில் பழுக்க வேண்டிய மாங்காயை முன்னதாகப் பறித்துக் கல் வைத்துப் பழுக்கச் செய்வோரை நாம் இகழ்கிறோம். நிறம் பழம்போல் இருந்தாலும் உள்ளே புளிக்கிறதே என்று குறை கூறுகிறோம். கைவினைஞரின் உழைப்புக்கு உரிய விலையைக் கொடுக்க மறுத்து அவரை அவசரப்படுத்தும்போது நாமும் அச்செயலையே செய்கின்றோம் அல்லவா? பழம் பழுப்பதற்கு ஒரு காலம் வேண்டும்; பண்டம் உருவாவதற்கும் ஒரு காலம் வேண்டும். இரண்டிலும் அக்காலத்தைத் திருடினால் சுவை போய்விடும்.

அவர் கூறிய விலையையே கொடுத்தேன். விடைபெறும்போது, "உங்களுக்குப் பின் இத்தொழிலை யார் செய்வார்?" என்று கேட்டேன். "மகன் தூத்துக்குடியில் லாரி ஓட்டுகிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. இரண்டு பையன்கள் விடுமுறையில் வந்து பழகுகிறார்கள். தொழில் நிற்பதும் போவதும் வாங்குகிறவர்கள் கையில் இருக்கிறது" என்றார். பிறகு, குழந்தைக்கு என்று கூறிச் சிறு பம்பரம் ஒன்றையும் பெட்டியில் போட்டார். அதற்குக் காசு பெற மறுத்துவிட்டார்.

ஊர் திரும்பும் முன்னர், சேரன்மாதேவியை அடுத்துள்ள பத்தமடைக்கும் சென்றேன். புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயை அறியாதவர் தமிழ்நாட்டில் இலர். ஆற்றங்கரைகளிலும் ஈரநிலங்களிலும் வளரும் கோரைப்புல்லே அதற்கு மூலப்பொருள். புல்லைப் பருவம் பார்த்து அறுத்து, உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கீறி, ஓடும் நீரில் சில நாட்கள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, சாயம் ஏற்றி, பருத்தி நூற்பாவில் நெய்கிறார்கள். இத்தொழிலைச் செய்வோர் பெரும்பாலும் இசுலாமியக் குடும்பத்தினர். பெண்களே மிகுதியாக நெய்கின்றனர். மிக நேர்த்தியான பட்டுப்பாயைத் துணிபோல் மடித்துவிடலாம். இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவிற்கு 1953-ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய் ஒன்று பரிசாகச் சென்றது என்று அவ்வூரார் பெருமையோடு கூறுகின்றனர்.

என் தங்கை மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். மணமக்கள் பெயரை நெய்த பட்டுப்பாய் ஒன்று வேண்டும் என்றேன். "புல் நன்றாய் ஊறிக் காய வேண்டும், பிறகு நெய்ய வேண்டும். பல வாரம் ஆகும்; பரவாயில்லையா?" என்று நெசவு செய்யும் அம்மையார் கேட்டார். "காத்திருக்கிறேன் அம்மா" என்றேன். விலையைக் கேட்டேன், குறைக்கும்படி கேட்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் கற்ற பாடம் பத்தமடையில் பயன்பட்டது.

சென்னை வந்து சேர்ந்தேன். பெயர்த்தி ஓடி வந்தாள். ஆவலோடு மங்குஸ்தான் பெட்டியைத் திறந்தேன். ஒரு பழத்தை எடுத்து, "அடியில் உள்ள இதழை எண்ணு" என்றேன். "ஐந்து" என்றாள். "உள்ளே ஐந்து சுளை இருக்கும், பார்" என்று கூறி, கைகளுக்கிடையே வைத்து அழுத்தினேன். பழம் பிளக்கவில்லை. மற்றொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. எட்டு நாட்களில் தோல் இறுகிக் கட்டையாகிவிட்டது. "இது காத்திருக்கும் பழம் அன்று" என்ற கடைக்கார அம்மையாரின் சொல் என் காதில் ஒலித்தது.

அதற்குள் பெயர்த்தி ஓலைப்பெட்டியைத் திறந்து, குடத்தையும் அடுப்பையும் அம்மியையும் தரையில் பரப்பிக் குடித்தனம் தொடங்கிவிட்டாள். என் கையில் இருந்த மங்குஸ்தானை வாங்கித் தரையில் தட்டிப் பார்த்தாள். டொக் என்று ஒலித்தது. "தாத்தா, இதுவும் மரச்சொப்பா?" என்று கேட்டாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்னை அறியாமல் ஆச்சியின் சொல் என் வாயில் வந்தது. "சில பழம் நம்மிடம் வரும் கண்ணே; சில பழத்திடம் நாம்தான் போக வேண்டும். அடுத்த ஆடியில் உன்னை அழைத்துப் போகிறேன்" என்றேன்.

கையோடு கொண்டு வரக் கூடியது எது, அங்கேயே இருந்து துய்க்க வேண்டியது எது என்று பிரித்தறிவதே பயணத்தின் பயன் என்று இப்போது எண்ணுகிறேன். பழம் மண்ணும் மழையும் தரும் கொடை. அதனை அவ்வூர் மரத்தடியில் நின்று உண்ண வேண்டும். பண்டம் மனிதரின் கை தரும் கொடை. அக்கைக்கு உரியதைக் கொடுத்து எடுத்து வர வேண்டும். இவ்விரண்டையும் அறிந்து நடப்போரின் பெட்டியில்தான் ஓர் ஊர் உண்மையாகவே குடியேறி வருகிறது. ஆச்சியின் ஓலைப்பெட்டி சிறியது. ஆயினும் அதில் ஆழ்வார்குறிச்சி முழுவதும் இருந்தது.